கட்சி இல்லாத முதல் மந்திரி

நாமகிரிப்பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நாதஸ்வரம் ஞாபகம் வரும். வியாபாரிகளுக்கு மஞ்சள் ஞாபகம் வரும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குமாரமங்கலம் என்றால்? கொஞ்சம் வயதானவர்கள் மோகன் குமாரமங்கலம் என்பார்கள். 1980, 90களின் தேர்தல்களைப் பார்த்தவர்கள் ரங்கராஜன் குமாரமங்கலம் என்பார்கள். ராணுவத்தில் ஆர்வம் உள்ளவர்கள் ஜெனரல் குமாரமங்கலத்தைச் சொல்வார்கள். இவர்கள் எல்லோருக்கும் மூத்தவரான டாக்டர் ப. சுப்பராயனின் பெயர் மட்டும் கடைசியில்தான் வரும். பல சமயம் வராமலே போய்விடும்.

இத்தனைக்கும் அவர் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரை, கிட்டத்தட்ட நான்கு வருஷம். அப்போது சென்னை மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. ஆந்திரக் கடற்கரை, ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்த பெரிய பரப்பு. அதற்கு முதல் மந்திரியாக நம் சேலம் ஜில்லாக்காரர் ஒருவர் 37 வயதில் உட்கார்ந்தார். அதுவும் தனக்கென்று ஒரு கட்சி இல்லாமல்!

அது எப்படி நடந்தது என்று புரிய, அந்தக் காலத்து ஆட்சி முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1919 இல் வந்த மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி மாகாணங்களில் இரட்டை ஆட்சி வந்தது. கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளாட்சி போன்றவை மட்டும் இந்திய மந்திரிகளிடம். போலீஸ், நிதி, நிலவரி எல்லாம் கவர்னரிடமும் அவருடைய நிர்வாக சபையிடமும். அதாவது செலவு செய்யும் இலாகா நம்மவரிடம், பணப்பெட்டிச் சாவி வெள்ளைக்காரரிடம்! சட்டசபையில் மொத்தம் 132 பேர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 98, மீதி 34 பேர் நியமன உறுப்பினர்களும் அதிகாரிகளும். ஓட்டுப் போடுகிற உரிமையும் எல்லோருக்கும் கிடையாது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான். 1920 தேர்தலில் நான்கு கோடிக்கு மேல் ஜனத்தொகை இருந்த மாகாணத்தில் வாக்காளர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர்தான். நூற்றுக்கு மூன்று பேர். இன்றைய கணக்கில் இதைத் தேர்தல் என்று சொல்லலாமா என்பதே சந்தேகம்.

சுப்பராயன் 1889 செப்டம்பர் 11 இல் பிறந்தவர். குமாரமங்கலம் ஜமீன்தார் பரமசிவக் கவுண்டரின் மகன். சென்னையில் ஜமீன் வாரிசுகளுக்காகவே இருந்த நியூவிங்டன் பள்ளியிலும், பிறகு மாநிலக் கல்லூரியிலும், அப்புறம் ஆக்ஸ்போர்டின் வாதாம் கல்லூரியிலும் படித்தார். கொங்கு நாட்டு ஜமீன் பையன்கள் வேட்டையும் வில்லங்க வழக்குமாகப் பொழுதைக் கழித்த காலத்தில் இது அபூர்வம்தான்.

படிப்பை விட அபூர்வம் அவருடைய திருமணம். மங்களூரைச் சேர்ந்த ராதாபாயை மணந்தார். கொங்கு வேளாளக் கவுண்டர் மாப்பிள்ளை, சாரஸ்வத பிராமணப் பெண். முதல் பையன் பிறந்தது 1913 என்பதால், நடந்தது அதற்கு முன்னால்! நூறு வருஷம் கழித்தும் இந்தப் பக்கத்தில் சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களுக்கு என்னென்ன நடக்கிறது என்று பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ராதாபாயின் அப்பா குத்முல் ரங்கராவ் சாதாரண ஆள் இல்லை. 1897 இல் மங்களூரில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்காக ஒரு மிஷன் தொடங்கி, பள்ளிக்கூடம் நடத்தி, அதற்காகத் தன் சாதிக்காரர்களிடம் ஏச்சும் பேச்சும் வாங்கியவர். இந்த மாமனாரை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருவார்.

சரி, 1926க்கு வருவோம்.

அந்த வருஷ நவம்பர் தேர்தலில், ஆறு வருஷமாக ஆட்சியில் இருந்த நீதிக்கட்சி தோற்றது. 98 இல் அதற்குக் கிடைத்தது 21. காங்கிரசின் சட்டசபைப் பிரிவான சுயராஜ்யக் கட்சிக்கு 41. பெரிய கட்சி அதுதான். ஆனால் இரட்டை ஆட்சியில் பதவி ஏற்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. கவர்னர் கோஷன் பிரபு அழைத்தார், அவர்கள் மறுத்துவிட்டார்கள். 21 பேரை வைத்துக்கொண்டு நீதிக்கட்சியின் பனகல் அரசராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜெயித்தவர்கள் வேண்டாம் என்கிறார்கள், தோற்றவர்களால் முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் சுயேச்சையாக இருந்த சுப்பராயனைக் கூப்பிட்டு மந்திரிசபை அமைக்கச் சொன்னார் கோஷன். 1926 டிசம்பர் 4 இல் பதவியேற்றார். கூட இரண்டு மந்திரிகள், ஏ. ரங்கநாத முதலியார், ஆர்.என். ஆரோக்கியசாமி முதலியார். அவ்வளவுதான் மந்திரிசபை.

"கவர்னரின் பொம்மை" என்று அவரைத் திட்டாத ஆள் இல்லை. திட்டியதில் தப்பும் இல்லை. 1927 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது நியமன உறுப்பினர்கள் கைகொடுத்துத்தான் ஆட்சி தப்பியது. ஒரு பக்கம் சுயராஜ்யக் கட்சி, இன்னொரு பக்கம் நீதிக்கட்சி, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முதல் மந்திரி.

அடுத்து வந்தது சைமன் கமிஷன். 1927 நவம்பரில் அறிவிப்பு வந்தது. இந்தியாவின் எதிர்காலத்தை ஆராயும் குழுவில் ஓர் இந்தியர் கூட இல்லை. நாடே கொதித்தது. புறக்கணிக்க வேண்டும் என்று சென்னை சட்டசபையில் தீர்மானம் வந்தபோது, சுப்பராயனின் இரண்டு மந்திரிகளும் புறக்கணிப்பின் பக்கம். முதல் மந்திரி எதிர்ப்பக்கம். மந்திரிசபை உடைந்தது. அந்த நேரத்தில் கவர்னர் பனகல் அரசரிடம் பேசி நீதிக்கட்சியின் ஆதரவை சுப்பராயனுக்கு வாங்கிக் கொடுத்தார். பதிலுக்கு நீதிக்கட்சியின் கிருஷ்ணன் நாயருக்கு நிர்வாக சபையில் இடம். 1928 மார்ச்சில் எஸ். முத்தையா முதலியாரும் எம்.ஆர். சேதுரத்தினம் அய்யரும் புது மந்திரிகள் ஆனார்கள். நேற்று வரை எதிர்த்த கட்சி இன்று முட்டுக் கொடுக்கிறது. கூட்டணி அரசியல் என்னவோ 1990களில் கண்டுபிடிக்கப்பட்டது என்று நினைப்பவர்கள் இந்தச் சட்டசபைக் கதையைப் படிக்க வேண்டும்.

கமிஷனை வரவேற்ற முதல் மந்திரி என்பது அவர் மேல் விழுந்த கறை. அதை யாரும் துடைக்க முடியாது. மாகாணம் முழுக்க "சைமனே திரும்பிப் போ" என்று கத்திக்கொண்டிருந்தபோது, அவருடைய அரசு மாலையோடு நின்றது.

ஆனால் இப்படித் தள்ளாடிய ஆட்சியில்தான் சில பெரிய காரியங்கள் நடந்தன. வகுப்புவாரி உத்தரவை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு வேலைகளை எல்லா வகுப்பாருக்கும் பகிர வேண்டும் என்று நீதிக்கட்சி 1921 இலேயே உத்தரவு போட்டுவிட்டது. ஆனால் அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. 1928 இல் முத்தையா முதலியார்தான் அதைச் சமையலுக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வேலை இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்றே ஒன்றுதானா என்று கேட்கத் தோன்றும், நியாயமான கேள்வி. ஆனாலும் இன்று இடஒதுக்கீட்டில் படிக்கிற, வேலைக்குப் போகிற ஒவ்வொருவரின் கதையும் அந்தப் பன்னிரண்டில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. 1947 இல் அந்தக் கணக்கு மாற்றி எழுதப்பட்டது. அதே அடிப்படையில் கல்லூரி இடங்களைப் பிரித்ததைத்தான் 1951 இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்ததற்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைத் துணைத் தலைவரானதும், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்ததும் இதே காலத்தில்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 இல் வந்ததும் அப்போதுதான். இதெல்லாம் சுப்பராயன் ஒருவர் சாதனை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். முத்தையா முதலியார் செய்தது முத்தையா முதலியார் கணக்கில், முத்துலட்சுமி செய்தது முத்துலட்சுமி கணக்கில்தான் சேர வேண்டும். கட்சி பலம் இல்லாத முதல் மந்திரி எல்லோருக்கும் இடம் விட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் அவரவர் வேலையைச் செய்தார்கள். அவர் குறுக்கே நிற்கவில்லை. அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம்.

1930 தேர்தலில் நீதிக்கட்சி மறுபடி ஜெயித்தது. முனுசாமி நாயுடு முதல் மந்திரி ஆனார். சுப்பராயன் எதிர் வரிசைக்குப் போனார்.

அவருடைய வாழ்க்கையில் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய பகுதி, பதவி போன பிறகுதான் வருகிறது.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் (ஸ்காட்லாந்தின் ஒரு மீன்பிடி ஊரில் ஏழைத் தாய்க்குப் பிறந்து பிரதமர் ஆனவர்) வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 இல் அம்பேத்கரோடு பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித் தொகுதி போய், பொதுத் தொகுதியில் ஒதுக்கீடு வந்தது. சரி, அதற்குப் பதிலாக மேல்சாதி இந்துக்கள் என்ன தரப்போகிறார்கள்? இந்தக் கேள்வி உடனே எழுந்தது. கோயில் கதவையாவது திறப்பார்களா?

அந்தச் சமயம் மலபாரில், குருவாயூர் கோயில் வாசலில் கேளப்பன் உண்ணாவிரதம் இருந்து, காந்தி கேட்டுக்கொண்டதால் நிறுத்தியிருந்தார். கதவு திறக்காவிட்டால் 1933 ஜனவரி 2 முதல் தானும் சேர்ந்து உண்ணாவிரதம் இருப்பேன் என்றார் காந்தி. பொன்னானி தாலுகாவில் கோயிலுக்குப் போகும் உரிமை உள்ளவர்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பாலோர் திறக்கலாம் என்றார்கள். ஆனால் தர்மகர்த்தாக்கள் சொன்ன காரணம் சட்டம். வழக்கத்துக்கு மாறாகக் கதவைத் திறந்தால் கோர்ட்டில் மாட்டிக்கொள்வோம் என்றார்கள். அதாவது திறக்க மனசு இருந்தாலும் திறக்க முடியாதபடி சட்டம் பூட்டுப் போட்டிருந்தது.

அந்தப் பூட்டுக்குச் சாவி செய்ய முயன்றவர் சுப்பராயன். 1932 நவம்பரில் சென்னை சட்டசபையில் கோயில் நுழைவை ஆதரித்துத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அடுத்து ஒரு மசோதா. அதில் இருந்தது எளிமையான யோசனை. ஒரு கோயிலுக்குப் போகும் இந்துக்களில் பெரும்பான்மையோர் விரும்பினால் அந்தக் கோயிலைத் திறக்கலாம், சட்டம் குறுக்கே நிற்காது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இன்று படித்தால் "உரிமையை ஓட்டெடுப்பு வைத்தா தருவது?" என்று கோபம் வரும். வர வேண்டியதுதான். அன்று இதற்கே சனாதனிகள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள்.

மசோதாவை சபையில் வைக்கவே வைஸ்ராயின் அனுமதி வேண்டும். அந்த முடிவு வரும் வரை காந்தி தன் உண்ணாவிரதத்தைத் தள்ளி வைத்தார். சிறையில் இருந்து அவர் விட்ட அறிக்கைகளில் "டாக்டர் சுப்பராயனின் மசோதா" என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. நாலு வருஷம் முன்னால் சைமனுக்கு மாலை போட்ட ஆட்சியின் தலைவர் கையில் இருந்த காகிதத்தை நம்பி காந்தி காத்திருந்தார் என்றால், அரசியல் எப்படியெல்லாம் திரும்பும் பாருங்கள்.

1933 ஜனவரியில் வைஸ்ராய் வெல்லிங்டன் அனுமதி மறுத்துவிட்டார். இது ஒரு மாகாணத்தோடு முடிகிற விஷயம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். மத்திய சட்டசபையில் ரங்கய்யர் கொண்டுவந்த மசோதாவுக்கு மட்டும் வழி விட்டார். அது 1934 இல் கரை சேராமலே போனது. சுப்பராயன் மசோதா செத்தது, ஆனால் யோசனை சாகவில்லை. 1938 இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த மலபார் கோயில் நுழைவுச் சட்டம் அதே பெரும்பான்மை ஓட்டு என்ற வழியில்தான் எழுதப்பட்டது. 1939 ஜூலை 8 இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் ஆலயப் பிரவேசம் நடத்தியதும், திறந்த கோயில்களைப் பாதுகாக்க அவசரச் சட்டம் போட்டு அதை அந்த வருஷமே முழுச் சட்டமாக்கினார்கள். அந்த மந்திரிசபையில் சட்ட மந்திரி யார் தெரியுமா? சுப்பராயன்தான்! இடையில் காங்கிரசில் சேர்ந்து, 1937 இல் ஜெயித்து, ராஜாஜியின் கீழ் சட்டத்துக்கும் கல்விக்கும் மந்திரியாகியிருந்தார். முதல் மந்திரியாக இருந்தவர் இன்னொருவரின் கீழே சாதாரண மந்திரியாகப் போவது எல்லோராலும் முடிவதில்லை.

மங்களூர் மாமனாரின் பாதிப்பு இதில் எவ்வளவு என்று அளந்து சொல்ல வழியில்லை. ஆனால் கட்சியும் பக்கமும் மாறிக்கொண்டே இருந்த ஒரு மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏழு வருஷம் ஒரே பக்கம் நின்றிருக்கிறார் என்பது கண்ணில் படத்தான் செய்கிறது.

அதே ராஜாஜி ஆட்சியில்தான் இந்தியாவிலேயே முதல் முறையாக ஒரு மாவட்டம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1937 அக்டோபர் 1, சேலம் ஜில்லா. நாமகிரிப்பேட்டை, ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் அப்போது சேலத்துக்குள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ராஜாஜி 1925 இல் காந்தி ஆசிரமம் தொடங்கி மதுவுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்த பூமி என்பதால் முதல் பரிசோதனை இங்கேயே. (கள்ளு வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939 இல் கொண்டுவந்ததுதான் விற்பனை வரி. கள்ளுக்கடை போனது, பில்லில் வரி வந்தது. பிற்பாடு கடையும் திரும்பி வந்தது, வரியும் போகவில்லை!)

இந்தக் கதையில் கசப்பான பக்கமும் உண்டு. 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று உத்தரவு வந்தபோது கல்வி மந்திரி அவர்தான். முடிவு ராஜாஜியுடையது என்றாலும், இலாகா இவருடையது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939 இல் சிறைக்காவலில் இறந்தார்கள். 1940 பிப்ரவரியில், மந்திரிசபை போன பிறகு, கவர்னர் அந்த உத்தரவை வாபஸ் வாங்கினார்.

பதினேழு வருஷம் கழித்து, 1955 இல், பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி கமிஷன் அமைந்தபோது அதில் சுப்பராயன் ஓர் உறுப்பினர். கமிஷன் 1956 இல் இந்தியை நோக்கிய வழியைச் சொல்லி அறிக்கை கொடுத்தது. அதற்கு மறுப்புக் குறிப்பு எழுதியவர்களில் வங்காளத்தின் சுநீதி குமார் சட்டர்ஜி ஒருவர், சுப்பராயன் இன்னொருவர். இந்தி பேசாத மக்கள் மேல் அவசரப்பட்டுச் சுமத்தக் கூடாது, ஆங்கிலம் தொடர வேண்டும் என்ற பக்கம் நின்றார். 1938 இல் கல்வி மந்திரி நாற்காலியில் இருந்து பார்த்தது அவருக்கு ஏதோ கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். சந்தர்ப்பவாதம் என்றும் சொல்லலாம். ஆனால் அந்தக் குறிப்பு எழுதியதால் டில்லியில் அவருக்கு லாபம் ஒன்றும் இருந்திருக்காது.

வீட்டுக்குள் நடந்தது தனி நாடகம். ராதாபாய் 1930 இல் லண்டனில் முதல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். 1938 இல் மத்திய ராஜாங்க சபைக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவரே. மூத்த மகன் பரமசிவ பிரபாகர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேர்ந்து, வட ஆப்பிரிக்காவில் சண்டை போட்டு எதிரிகளிடம் போர்க்கைதியானார். அதே சமயத்தில் இன்னொரு மகன் மோகன் கேம்பிரிட்ஜில் கம்யூனிஸ்டாகித் திரும்பி வந்து, 1940 இல் பி. ராமமூர்த்தியோடு சென்னைச் சதி வழக்கில் சிக்கினார். மகள் பார்வதியும் கம்யூனிஸ்ட். 1947 இல் ஓமந்தூரார் மந்திரிசபையில் சுப்பராயன் உள்துறை மந்திரி ஆனார். மாகாண போலீஸ் அப்பாவின் கையில், போலீஸ் கண்காணிக்கும் கட்சியில் பிள்ளைகள்! போதாததற்கு அந்த மந்திரிசபைதான் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஜமீனை ஒழிக்கும் ஆட்சியில் ஒரு ஜமீன்தார்.

பிற்பாடு மகன் பரமசிவ பிரபாகர் 1966 இல் இந்திய ராணுவத் தளபதி ஆனார். மோகன் இந்திரா காந்தி மந்திரிசபையில் உருக்கு, சுரங்க மந்திரியாகி 1973 இல் டில்லி விமான விபத்தில் இறந்தார். பார்வதி கிருஷ்ணன் கோவையில் இருந்து எம்.பி. ஆனார்.

மீதி வேகமாகச் சொல்லிவிடலாம். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். இந்தோனேசியா விடுதலையானபோது அங்கே இந்தியத் தூதர். ராஜ்யசபை. 1957 இல் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் வெற்றி. 1959 முதல் 1962 வரை நேருவின் கீழ் போக்குவரத்து, தகவல் தொடர்பு மந்திரி. இதற்கு நடுவில், 1938 முதல் 1946 வரை இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் இருந்திருக்கிறார். கிரிக்கெட் பைத்தியங்கள் குறித்துக்கொள்ளவும்!

1962 ஏப்ரலில் மகாராஷ்டிர கவர்னர் ஆனார். ஒரு காலத்தில் கவர்னர் தயவில் ஆட்சி நடத்தியவர், கடைசியில் தானே கவர்னர். ஆறு மாதம் கூட முழுதாக ஆகவில்லை, அக்டோபர் 6 இல் பதவியில் இருக்கும்போதே காலமானார். அவர் விட்டுப்போன திருச்செங்கோடு தொகுதிக்கு 1963 இல் இடைத்தேர்தல் நடந்தது. ஜெயித்தவர் திராவிட முன்னேற்றக் கழகத்தின் எஸ். கண்டப்பன்.